ராஜாமடம் வழியாகப் பேக்கரும்பு: டெல்டாவிலிருந்து ஒரு குடும்பப் பயணம்

தஞ்சைப் பகுதியிலிருந்து காரில் இராமேசுவரம் செல்லும் குடும்பங்கள் பெரும்பாலும் கோயிலையும் தனுஷ்கோடியையும் மனத்தில் வைத்தே புறப்படுகின்றன. தங்கச்சிமடத்துக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே, நெடுஞ்சாலை ஓரத்திலேயே பேக்கரும்பில் அமைந்திருக்கும் அப்துல் கலாம் தேசிய நினைவிடம், போகிற போக்கில் அரை மணி நேரம் இறங்கிப் பார்க்கும் இடமாகவே அவர்களுடைய திட்டத்தில் இருக்கிறது. இந்த முறை எங்கள் குடும்பம் அந்த வரிசையை மாற்றிக்கொண்டது. தமிழ்நாட்டிலிருந்து குடியரசுத் தலைவர் மாளிகை வரை சென்றவர்களின் ஊர்களையும் நினைவிடங்களையும் பார்ப்பதையே நோக்கமாக வைத்துக்கொண்டு, கோயிலை அதற்குப் பின்னால் சேர்த்துக்கொண்டோம். பிள்ளைகளோடும் வயதானவர்களோடும் இப்படிச் செல்ல நினைக்கும் டெல்டாக் குடும்பங்களுக்காக இந்த மதிப்புரையை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பேக்கரும்பு நினைவிடம் ஒரு முழுக் காலைப் பொழுதைக் கொடுத்துப் பார்க்கத் தகுந்த இடம், ஆனால் பட்டுக்கோட்டை, ராஜாமடம் வழியாகச் சென்று பார்த்தால்தான் அதன் முழுப் பொருளும் நமக்குக் கிடைக்கிறது.

தமிழ்நாட்டோடு சேர்த்துச் சொல்லப்படும் குடியரசுத் தலைவர்கள் மூவர். திருத்தணியில் பிறந்த இராதாகிருஷ்ணன், ராஜாமடத்தில் பிறந்த ஆர். வெங்கட்ராமன், இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம். திருத்தணி எங்களுக்கு எதிர்த் திசையில் இருப்பதால் அதைத் தனிப் பயணமாகவே வைத்துக்கொள்ள வேண்டும். மற்ற இருவரின் ஊர்களையும் கிழக்குக் கடற்கரைச் சாலை ஒரே கோட்டில் இணைக்கிறது. தஞ்சாவூரிலிருந்து ஒரத்தநாடு வழியாகப் பட்டுக்கோட்டை, அங்கிருந்து ராஜாமடம், பிறகு கடலோரமாகவே தொண்டி, தேவிபட்டினம், இராமநாதபுரம், மண்டபம், பாம்பன் என்று செல்லும் இந்த வழி 230 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். புதுக்கோட்டை, தேவகோட்டை வழியைக் காட்டிலும் இதில் ஊர்கள் அதிகம், வேகம் குறைவு. இருந்தும் இந்தப் பயணத்துக்கு இதைத்தான் பரிந்துரைக்கிறேன்.

கல்லணைக் கால்வாயை எங்கள் பக்கத்தில் புது ஆறு என்றே சொல்வார்கள். அந்தத் தண்ணீர் பாயும் வயல்களைத் தாண்டி, பட்டுக்கோட்டைக்குத் தெற்கே தென்னந்தோப்புகளும் உப்பங்காற்றும் தொடங்கும் இடத்தில் ராஜாமடம் இருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் இந்தப் பகுதியின் தென்னைகளை வேரோடு சாய்த்தது. அதற்குப் பிறகு நட்ட இளங்கன்றுகள் இப்போது வளர்ந்து நிற்பதைப் பார்க்கும்போது மனத்துக்கு ஆறுதலாக இருக்கிறது. வெங்கட்ராமன் 1910 டிசம்பர் 4 அன்று இந்த ஊரில் பிறந்தார். பட்டுக்கோட்டையில் பள்ளிப் படிப்பு, திருச்சி தேசியக் கல்லூரியில் இடைநிலைப் படிப்பு, பிறகு சென்னையில் பொருளியலும் சட்டமும் என்று அவருடைய இளமை சென்றது. 1942 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் சிறை சென்றார். 1946-இல், சப்பானியர் ஆட்சிக் காலத்தில் அவர்களுக்கு ஒத்துழைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட இந்தியர்களுக்காக வழக்காட மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பப்பட்ட வழக்கறிஞர் குழுவில் அவர் இருந்தார். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி மலேயாவுக்குப் போனவர்கள் இல்லாத ஊர் டெல்டாவில் அரிது என்பதால், இந்தச் செய்தியை என் தந்தையார் பிள்ளைகளுக்குச் சொன்னபோது அவர்கள் மற்ற எல்லாவற்றையும் விட இதைத்தான் கவனமாகக் கேட்டார்கள். எங்கள் குடும்பத்திலும் அப்படிப் போனவர் ஒருவர் இருந்தார்.

முதல் மக்களவையில் தஞ்சாவூர்த் தொகுதியின் உறுப்பினராக இருந்தவரும் வெங்கட்ராமன்தான். 1957-இல் மீண்டும் வென்றபோது அந்த இடத்தை விட்டுவிட்டு, காமராசரின் அமைச்சரவையில் சேர்ந்து பத்தாண்டுக் காலம் தொழில் துறையைக் கவனித்தார். கிண்டி, அம்பத்தூர் தொழிற்பேட்டைகளும் திருவெறும்பூர் பெல் ஆலையும் உருவான காலம் அது. என் தந்தையார் அந்த ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆதலால், சாலையோரத்தில் காரை நிறுத்திவிட்டுத் தென்னை நிழலில் நின்று அவர் இதையெல்லாம் சொன்னது, பாடப்புத்தகத்தைப் படித்துக் காட்டியது போல் இல்லாமல், தம் சொந்தக் கதையைச் சொன்னது போலவே இருந்தது.

நாங்கள் சென்ற வழியில், ஒரு குடும்பம் இறங்கி ஒரு மணி நேரம் செலவிட்டு வெங்கட்ராமனைப் பற்றித் தெரிந்துகொள்ளும்படியான காட்சிக்கூடம் எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. ஐந்து ஆண்டுகளில் ராஜீவ் காந்தி, வி.பி. சிங், சந்திரசேகர், நரசிம்ம ராவ் என்று நான்கு பிரதமர்களோடு பணியாற்றிய குடியரசுத் தலைவர் அவர். எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை கிடைக்காத மக்களவைகள் வந்த அந்தக் காலத்தில், யாரை அழைத்து ஆட்சி அமைக்கச் சொல்வது என்ற முடிவு அவர் மேசைக்குத்தான் வந்தது. அரசியல் சாசனத்தில் ஒரு வரியாக இருக்கும் விதி, ஒரு மனிதரின் கையில் எப்படி முடிவாக மாறுகிறது என்பதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விளக்க இதைவிடச் சிறந்த வாழ்க்கை கிடைக்காது. பட்டுக்கோட்டையிலோ ராஜாமடத்திலோ நான்கு அறைகள் கொண்ட ஓர் அருங்காட்சியகம் இருந்தால், இந்தச் சாலையில் செல்லும் ஒவ்வொரு சுற்றுலாப் பேருந்தும் அங்கே நிற்கும். இதை வெறும் ஆசையாக எழுதவில்லை. இந்த மாவட்டத்தார் கேட்டுப் பெற வேண்டிய ஒன்று இது என்று உறுதியாக நம்புகிறேன்.

ராஜாமடத்துக்கும் பேக்கரும்புக்கும் உள்ள உறவு சாலையோடு முடிந்துவிடுவதில்லை. 1982 முதல் 1984 வரை வெங்கட்ராமன் நாட்டின் பாதுகாப்பு அமைச்சர். அப்போது ஐதராபாத்தில் ஏவுகணை ஆய்வகத்தின் பொறுப்பை ஏற்றிருந்த கலாம், ஏவுகணைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டங்களாகச் செய்யும் திட்டத்தை எடுத்துக்கொண்டு அமைச்சரிடம் சென்றார். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடங்கும் ஒருங்கிணைந்த திட்டமாக மாற்றி எழுதி வரும்படி சொன்னவர் வெங்கட்ராமன். அந்த இரவு முழுவதும் உட்கார்ந்து திட்டத்தை மாற்றியதைக் கலாமே தம் வாழ்க்கை வரலாற்றில் நன்றியோடு குறிப்பிட்டிருக்கிறார். 1983-இல் 388 கோடி ரூபாயோடு ஒப்புதல் பெற்ற அந்தத் திட்டத்திலிருந்துதான் பிரித்வி, திரிசூல், ஆகாஷ், நாக், அக்னி என்ற ஐந்தும் பிறந்தன. 1989 மே 22 அன்று அக்னி முதன்முதலாகச் சண்டிப்பூரிலிருந்து பறந்தபோது, குடியரசுத் தலைவராக, முப்படைகளின் தலைமைத் தளபதி என்ற இடத்தில் இருந்தவர் அதே ராஜாமடத்துக்காரர். இதைத் தெரிந்துகொண்டு நினைவிடத்துக்குள் நுழையும் பிள்ளைக்கும், தெரியாமல் நுழையும் பிள்ளைக்கும் அங்குள்ள ஏவுகணை மாதிரிகள் ஒன்றாகத் தெரியாது.

இடைப்பட்ட வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மல்லிப்பட்டினத்துக்கு அருகில், நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாக இரண்டாம் சரபோஜி மன்னர் எழுப்பிய மனோராவை நேரம் இருந்தால் பார்க்கலாம். கட்டுச்சோறு எடுத்துச் செல்பவர்கள் அங்கேயே உண்பது நல்லது. பிறகு தொண்டி வரை நிழலோடு உட்கார இடம் அரிது. இராமநாதபுரத்தில் மட்டும் கட்டாயம் சற்று நிற்க வேண்டும். கலாம் உயர்நிலைப் படிப்புக்காக வீட்டை விட்டு வந்து தங்கிப் படித்த சுவார்ட்ஸ் பள்ளி அங்கே இருக்கிறது. இந்தப் பெயரைத் தஞ்சாவூர்க்காரர்கள் அறிவார்கள். சரபோஜி மன்னரின் இளமையில் அவருக்குக் காப்பாளராகவும் ஆசானாகவும் இருந்து, 1798-இல் தஞ்சையிலேயே மறைந்த அந்த ஜெர்மானியப் பாதிரியாரின் பெயரைத்தான் பள்ளி தாங்கி நிற்கிறது. சிவகங்கைப் பூங்காவில் அவர் பெயரால் வழங்கும் தேவாலயத்தைப் பார்த்து வளர்ந்த என் மகள், பள்ளியின் பெயரைப் படித்ததும் "தாத்தா, நம்ம ஊர் சுவார்ட்ஸா?" என்று கேட்டாள். வகுப்பு நடக்கும் பள்ளி என்பதால் வெளியிலிருந்து பார்ப்பதே முறை.

பாம்பன் சாலைப் பாலம் 1988-இல் திறக்கப்பட்டது; வெங்கட்ராமன் குடியரசுத் தலைவராக இருந்த ஆண்டு. பாலத்தின் நடுவில் வண்டிகளை நிறுத்திப் படம் எடுப்பவர்களைப் பார்த்து நாமும் நிறுத்தக் கூடாது. காற்றின் வேகமும் பேருந்துகளின் நெருக்கமும் பிள்ளைகளுக்கு ஆபத்தானவை. 1914-இல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலத்தையும், 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய தூக்குப் பாலத்தையும் வண்டியில் இருந்தபடியே நன்றாகப் பார்க்க முடிந்தது.

இனி நினைவிடம். கலாம் 2015 ஜூலை 27 அன்று சில்லாங்கில் மாணவர்களிடையே பேசிக்கொண்டிருந்தபோது மறைந்தார். ஜூலை 30 அன்று பேக்கரும்பில் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய அடக்க இடத்தை மையமாக வைத்துப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் கட்டிய இந்த நினைவிடம், சரியாக இரண்டு ஆண்டுகள் கழித்து, 2017 ஜூலை 27 அன்று பிரதமரால் திறந்து வைக்கப்பட்டது. முகப்பு தில்லியின் இந்தியா கேட்டையும், மேலே உள்ள குவிமாடம் குடியரசுத் தலைவர் மாளிகையையும் நினைவூட்டும்படி அமைக்கப்பட்டிருக்கின்றன. உப்புக் காற்றும் மணலும் சூழ்ந்த தீவில், ஓலைக் குடிசைகளையும் மீன்வலைகளையும் கடந்து வந்து இப்படி ஒரு முகப்பைப் பார்க்கும்போது முதலில் சற்று அந்நியமாகத்தான் இருக்கிறது. உள்ளே சென்று திரும்பிய பிறகு அந்த எண்ணம் எனக்கு மாறிவிட்டது. இந்தத் தீவிலிருந்து அந்த மாளிகைக்குப் போனவரை, அந்த மாளிகையே தேடி வந்து இங்கே நிற்கிறது என்று என் தந்தையார் சொன்னதை நான் முழுமனத்தோடு ஏற்றுக்கொள்கிறேன்.

காட்சிக்கூடங்கள் அவருடைய வாழ்க்கையின் வரிசையிலேயே செல்கின்றன: இளமைக் காலம், விண்வெளியிலும் ஏவுகணையிலும் உழைத்த காலம், குடியரசுத் தலைவராக இருந்த காலம், அதன் பிறகு மாணவர்களைத் தேடித் தேடிச் சென்ற காலம். ஓவியங்களும் ஒளிப்படங்களும் ஏவூர்தி, ஏவுகணை மாதிரிகளும் உருவச் சிலைகளும் நிறைந்திருக்கின்றன. நுழைவுக் கட்டணம் இல்லை. உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை என்பதை நான் இந்த இடத்தின் பெரிய நன்மையாகக் கருதுகிறேன். எடுப்பதற்குக் கைப்பேசி இல்லாதபோது பிள்ளைகள் கண்ணால் பார்க்கிறார்கள், கேள்வி கேட்கிறார்கள்.

பிள்ளைகள் அதிக நேரம் நின்றது இரண்டு பொருள்களுக்கு முன்னால். ஒன்று, 2006-இல் புனேயிலிருந்து சுகோய் போர் விமானத்தில் பறந்தபோது அவர் அணிந்த உடை. அப்போது அவருக்கு வயது 74. போர் விமானத்தில் பறந்த முதல் குடியரசுத் தலைவர் அவர். மற்றொன்று, அவர் வாசித்த வீணை. வீணை செய்யும் ஊரிலிருந்து வருபவர்கள் இதன் முன் நிற்காமல் போக முடியாது. பலாமரத்தைக் குடைந்து குடம் செய்யும் தச்சர்களைத் தஞ்சைத் தெருக்களில் பார்த்த பிள்ளைகளுக்கு, ஏவுகணை செய்தவர் மாலை நேரத்தில் வீணையோடு உட்கார்ந்தார் என்பதை விளக்கவே தேவையில்லை. வீணை வாசிக்கும் நிலையில் அவருடைய மரச்சிலையும் நினைவிடத்தில் இருக்கிறது.

இங்கே பெற்றோருக்கு ஒரு வேலை இருக்கிறது. ஒருவருடைய நினைவிடம் அவரையே நடுவில் நிறுத்தும், அது இயல்பு. அவருக்குப் பின்னால் நின்றவர்களை நாம்தான் சொல்ல வேண்டும். எஸ்.எல்.வி.-3 ஏவூர்தியின் மாதிரி முன் நின்றபோது, 1979 ஆகஸ்ட் 10 அன்று அதன் முதல் முயற்சி தோல்வியடைந்து ஏவூர்தி கடலில் விழுந்ததையும், திட்ட இயக்குநரான கலாமைப் பின்னால் நிறுத்திக்கொண்டு இஸ்ரோவின் அன்றைய தலைவர் சதீஷ் தவான் தாமே செய்தியாளர்கள் முன் சென்று பொறுப்பேற்றதையும், 1980 ஜூலை 18 அன்று அடுத்த முயற்சி வென்றபோது கலாமையே பேசச் சொன்னதையும் நான் சொன்னேன். அக்னி மாதிரியின் முன் ராஜாமடத்தை நினைவூட்டினேன். மகன் உடனே, "அப்போ காலையில பார்த்தோமே, அந்த ஊர்க்காரர் சொல்லித்தான் இதைச் செஞ்சாங்களா?" என்றான். அந்தக் கேள்வியைக் கேட்டதும், இந்த வழியைத் தேர்ந்தெடுத்தது எவ்வளவு சரி என்று எனக்குத் தோன்றியது.

அடக்க இடத்தின் அருகில் எல்லா மதத்தவரும் அவரவர் முறைப்படி வணங்கிவிட்டுச் செல்கிறார்கள். பள்ளிச் சீருடையில் வரும் குழுக்கள் அதிகம். ஒரு பெரிய குழு உள்ளே இருக்கும்போது காட்சிக்கூடங்கள் நெருக்கமாகிவிடும். குழு கடந்து செல்லும்வரை வெளியே தோட்டத்தில் காத்திருந்து பிறகு செல்வது முதியவர்களுக்கு நல்லது. காலையில் திறந்ததும் சென்றுவிட்டால் வெயிலையும் தவிர்க்கலாம். கலாமின் நினைவு நாளான ஜூலை 27, பிறந்த நாளான அக்டோபர் 15 ஆகிய நாள்களில் அஞ்சலி செலுத்த வருபவர்களின் கூட்டம் மிகுதி. ஆடி, தை அமாவாசைகளில் தீவு முழுவதும் வண்டிகளால் நிறைந்துவிடும் என்பதால், நினைவிடத்தை நிதானமாகப் பார்க்க விரும்புபவர்கள் அந்த நாள்களைத் தவிர்க்க வேண்டும்.

பேக்கரும்பைப் பார்த்தவர்கள் பலர் இராமேசுவரம் மசூதித் தெருவில் உள்ள கலாமின் வீட்டைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். இது பெரிய இழப்பு. சுண்ணாம்பும் செங்கல்லும் கொண்டு கட்டிய பழைய வீடு என்று அவர் எழுதிய அந்தக் குடும்ப வீட்டில், மாடியில் அவருடைய வாழ்க்கையைக் காட்டும் கூடம் ஒன்று இருக்கிறது. கூடம் சிறியது, படிகள் குறுகியவை, மக்கள் வரிசையாகவே நகர வேண்டியிருக்கிறது. ஆனால் நினைவிடத்தில் சுவர் ஓவியமாகப் பார்த்த இளமைக் காலம் இங்கே தெருவாகவே கண்முன் இருக்கிறது. பள்ளிவாசல் பக்கத்தில், இராமநாதசுவாமி கோயில் சிறிது தொலைவு நடையில், கடல் அதற்கும் அப்பால். படகு வைத்திருந்த தந்தை ஜைனுலாப்தீனும் கோயிலின் தலைமைக் குருக்களும் நண்பர்களாக இருந்து பேசிக்கொண்டது இந்தச் சுற்றுவட்டத்தில்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இராமேசுவரத்தில் ரயில் நிற்காமல் செல்லத் தொடங்கியபோது, ஓடும் ரயிலிலிருந்து வீசப்படும் செய்தித்தாள் கட்டுகளை எடுத்துக் கொடுத்து முதல் சம்பளம் பெற்ற சிறுவன் இந்தத் தெருவில் ஓடியவன். இதையெல்லாம் அந்த வாசலில் நின்று சொல்லும்போது, எட்டு வயதுப் பிள்ளைக்கும் தெரு முழுவதும் உயிர் பெற்றுவிடுகிறது. இரண்டில் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்ற நிலை வந்தால், பெரியவர்களுக்கு நான் இந்த வீட்டையே சொல்வேன்; பள்ளிப் பிள்ளைகளோடு செல்பவர்களுக்கு நினைவிடம். முழங்கால் வலி உள்ளவர்கள் வீட்டின் மாடிப்படியைக் கருத்தில் கொள்ள வேண்டும். என் தந்தையார் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மெதுவாகவே ஏறினார்.

ஒரே நாளில் சென்று திரும்புவது இயலும் என்றாலும், முதியவர்கள் உடன் இருந்தால் ஓர் இரவு தங்கியே ஆக வேண்டும். தங்குமிடத்தைக் கோயிலின் நான்கு வீதிகளுக்கு உள்ளே எடுக்க வேண்டாம்; வண்டி நிறுத்த இடம் கிடைப்பது கடினம். நாங்கள் தங்கிய விடுதியில் வண்டி நிறுத்தம் உண்டு என்று சொல்லியிருந்தும், சென்று பார்த்தபோது தெருவோரத்தைத்தான் காட்டினார்கள். ஆகவே முன்பதிவு செய்யும்போதே இதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். கோயிலின் தீர்த்தங்களில் நீராட விரும்புபவர்கள் அதை மறுநாள் விடியலுக்கு வைத்துக்கொண்டு, முதல் நாள் மாலைக்குள் மசூதித் தெரு வீட்டைப் பார்த்துவிடலாம். நினைவிடத்துக்கு மறுநாள் காலை, தீவை விட்டுக் கிளம்பும் வழியில் நிற்கலாம்.

கல்லூரியில் சேரப் போகும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், திரும்பும்போது கடற்கரைச் சாலையை விட்டுவிட்டுப் புதுக்கோட்டை வழியாகத் திருச்சிக்கு வாருங்கள். வெங்கட்ராமன் படித்த தேசியக் கல்லூரியும், கலாம் 1950 முதல் 1954 வரை இயற்பியல் படித்த தூய வளனார் கல்லூரியும் அந்த நகரத்தில் இருக்கின்றன. தெப்பக்குளத்துக்கு அருகில், லூர்து அன்னை கோயிலின் உயர்ந்த கோபுரத்தை ஒட்டியே தூய வளனார் கல்லூரி இருப்பதால் தேட வேண்டியதில்லை. அங்கிருந்து தஞ்சாவூருக்கு நல்ல நான்குவழிச் சாலை. இருட்டுவதற்கு முன்பே வீட்டுக்கு வந்துவிடலாம்.